பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கூட வாழ்ந்த நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க' என்பேன், 'ஏங்க' என்பேன், தூரத்தில் இருந்தால் கையைத் தட்டுவேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் சொல்லவே இல்லை. ஆயுசு குறைந்துதான் போனது. இனி எனக்கு என்ன பயம்? இன்று காலையில் அடுப்படியில் யாரும் இல்லாதபோது உங்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் இங்கே அதை எழுதவில்லை.

இனி இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். எங்கள் தீவில் செமின் கிரனியே ஊரைச் சுற்றி வெட்டுகிற கரும்பைச் சர்க்கரை ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். வெட்டு இல்லாத மாதங்களில் மணல், கல், விறகு, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான். கூலி உயர்த்திக் கேட்டுக் கூட்டம் நடக்கிற நாட்களில் ஊர்ச் சனத்தைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு போவார். பின்னால் நிற்கிறவர்கள் பாடிக்கொண்டு போவார்கள். முன்னால் இவர் ஹாரன் அடித்துத் தாளம் போடுவார்.

சொந்த லாரி அது. உலகச் சண்டைக்கு முந்திக் கப்பலில் வந்தது. மூன்று பேர் கை மாறி இவரிடம் வந்து சேர்ந்தபோது அதன் நிறம் என்னவென்று சொல்ல முடியாமல் போயிருந்தது. அவர் பச்சை என்பார், நான் சாம்பல் என்பேன். முன்னால் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ லாரிமேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

"இவ உனக்கு மூத்தவ. மரியாதையா நடந்துக்க" என்பார்.

"மூத்தவளுக்கு இருமல் நிக்கலியே. வைத்தியரக் கூட்டிட்டு வாங்க" என்பேன்.

பெட்ரோல் தொட்டி அவர் உட்காருகிற சீட்டுக்கு அடியில் இருந்தது. அதன் வாய் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு அதற்கு ஓர் இரும்பு மூடி, திருகி மூடுவது. அந்த மூடியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

என் அம்மா வீட்டில் பொங்கல் அன்று அரிசிப் பானையின் வாயிலும் தண்ணீர்க் குடத்தின் வாயிலும் மஞ்சளும் குங்குமமும் வைப்போம். சோறு எந்த வாய் வழியாக வருகிறதோ போகிறதோ, அந்த வாய்க்குப் பொட்டு. நான் கல்யாணமாகி வந்து பார்த்தேன். இந்த வீட்டுக்குச் சோறு போடுவது லாரி. லாரிக்குச் சோறு போகிற வாய் அந்த மூடி. மற்றவர்கள் விளக்கிலும் கண்ணாடியிலும் பொட்டு வைப்பார்கள். நான் மூடியில் வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சந்தனத்தில் மஞ்சள் கலந்து மூடியின் நடுவில் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைப்பேன்.

சனிக்கிழமைக்குள் மழை அதைக் கரைத்துவிடும். எங்கள் பக்கம் மழைக்கு நேரம் காலம் கிடையாது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பொட்டு அழிந்து அவர் வீட்டுக்கு வருகிறாரே என்று.

பக்கத்து வீட்டில் கல்கத்தாக்காரக் குடும்பம்; இந்தி பேசுகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாசலில் சிவப்புக் கொடி நட்டு அனுமாரை வைத்திருக்கிறார்கள். அனுமார் உடம்பு முழுக்கச் செந்தூரம். மழை எவ்வளவு பெய்தாலும் கரையாது. அந்த வீட்டு அம்மாவை மௌசி என்று கூப்பிடுவேன், அவர்கள் பாஷையில் சித்தி. எப்படி என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்துறியா? பைத்தியம். எண்ணெய் ஊத்திக் குழை. அப்புறம் சிக்லோன் வந்தாலும் உன் சாமி அசையாது" என்றாள். சிக்லோன் என்றால் எங்கள் ஊரில் புயல்.

அந்த வருஷம் கரும்பு வெட்டு ஆரம்பிக்கிற வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணெயில் குழைத்து வைத்தேன். மழையில் அசையவில்லை. அடுத்த வாரம் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இரண்டு மாதத்தில் அது காய்ந்து, ஒரு காசு கனத்துக்கு மூடியோடு மூடியாக ஒட்டிக்கொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"மூத்தவளுக்கு இம்மாம் பெரிய பொட்டா? உனக்கே இல்லியே" என்று சிரித்தார். ஆனால் காலையில் வண்டியை எடுக்கும் முன் அந்தப் பொட்டில் விரலை வைத்துத் தன் நெற்றியில் தேய்த்துக்கொள்ளாமல் ஏறமாட்டார். பெட்ரோல் ஊற்றும்போதும் பொட்டு உதிராமல் ஓரத்தை மட்டும் பிடித்துத் திருகுவார். அவர் கை பெரிய கை. அந்தக் கையால் அவ்வளவு பதமாகத் திருகுவார்.

லாரி நிற்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான்.

ஆலைக்குப் போகிற தூரம் கொஞ்சம். அதற்குள் நிற்காது. மணல் எடுக்கக் கடற்கரைக்கோ, மாயெபூர்ச் சந்தைக்கோ தூரமாகப் போனால் நிற்கும். முதலில் இருமும். பிறகு ஒரு குலுக்கல். அவ்வளவுதான். இறங்கிப் பார்ப்பார். தொட்டியில் பெட்ரோல் இருக்கும். எஞ்சின் பக்கத்தில் பெட்ரோலை வடிகட்டுகிற ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு, அது காலியாக இருக்கும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டினால் வண்டி மறுபடி ஓடும். சரி, கிண்ணத்தில்தான் கோளாறு என்பார். அடுத்த வாரம் மறுபடி நிற்கும். இந்த முறை பைப்பை ஊதுவார், ஓடும். சரி, பைப்பில்தான் கோளாறு. இன்னொரு முறை பம்பைக் கழற்றிப் பிரித்து உள்ளே இருக்கிற தோலை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து என் இட்டலித் துணியில் பரப்பி வைத்து ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். என்ன செய்தாலும் ஓடும். என்ன செய்தாலும் பிறகு நிற்கும்.

ஆலை வாசலில் மற்ற லாரிக்காரர்கள் கேலி பண்ணாமல் விடவில்லை. லாரியை அவர்கள் காமியோன் என்பார்கள்.

"என்னா, உன் காமியோன் முழுகாம இருக்கா? அங்கங்க உக்காந்துக்குதே!"

என் மாமியார் அதைக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். "லாரிக்கு அப்புற பொட்ட அம்மனுக்கு அப்பியிருந்தா, உன் வயித்துலயாவது ஒண்ணு தங்கியிருக்கும்." நான் அடுத்த வெள்ளிக்கிழமையும் பொட்டு வைத்தேன்.

ஒரு புதன்கிழமை அவருக்கு வயிறு வலித்தது. வலது பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. கரும்புக் கட்டைத் தூக்கியதில் நரம்பு பிடித்திருக்கும் என்றார். மாமியார் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமையும் வண்டி எடுத்தார். வெட்டு முடிகிற நேரம். ஒரு நாள் போகாவிட்டால் அவருடைய முறையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வண்டியிலிருந்து அவரால் நிமிர்ந்து இறங்க முடியவில்லை.

அன்று நான் இன்னொரு தடவை தலைக்குக் குளித்தேன். அவர் வயிற்றுவலி தீரவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு, மூடியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்தேன். விரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். அந்த அழுத்தம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஊர் மருந்துச்சாலைக்காரர் வந்து பார்த்தார். வயிற்றில் விரலை வைத்ததும் இவர் கத்தினார். மருந்துச்சாலைக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உள்ள குடல் பழுத்துப்போய் இருக்கு. வெட்டி எடுக்கணும். மாயெபூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. மத்தியானம்னு தள்ளாதீங்க. அது உள்ளயே உடைஞ்சுட்டா நம்ம கையில இல்ல."

அது எனக்குப் புரிந்தது. உடைவதற்குள் போய்ச் சேரவேண்டும். வேறு எதுவும் எனக்கு அன்று தெரியவேண்டியிருக்கவில்லை.

ஊரில் கார் இருந்தது சீனர் கடையில் மட்டும். ஓடிப் போய்க் கேட்டேன். விடியற்காலையில் போர் லூயிப் பட்டணத்துக்குச் சரக்கு எடுக்கப் போய்விட்டதாம். திரும்பி வந்தால், அவர் வயிற்றை வேட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நீங்களா ஓட்டப் போறீங்க?"

"பின்ன நீயா ஓட்டுவ? ஏறு புள்ள."

அவரே கைப்பிடியைச் சுற்றினார். ஏறும் முன் பொட்டில் விரலை வைத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கரும்பு. வெட்டிய இடம் மொட்டையாக, வெட்டாத இடம் ஆள் உயரத்துக்கு. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. "பேசு. ஏதாவது பேசிக்கிட்டே வா" என்றார். மௌசியின் கோழி எங்கள் வீட்டில் முட்டையிட்டதைச் சொன்னேன். "திருப்பிக் குடுத்தியா?" என்றார். "ரசத்துக்கு அப்புறம் ஆம்லெட் தின்னீங்களே, அதுதான்" என்றேன். சிரித்தார். சிரித்ததில் வலி வந்து ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார்.

பெரிய பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் லாரி இருமியது. குலுங்கியது. நின்றது.

அவர் இறங்கி, வழக்கம்போல முதலில் மூடியின் ஓரத்தைப் பிடித்துத் திருகினார். மூடி திறக்கும்போது உஸ் என்று ஒரு சத்தம் வந்தது.

"பெருமூச்சு விடுது" என்றேன்.

"எது?"

"லாரி."

"உங்கூட நாலு வருஷமா இருக்குதில்ல. கத்துக்கிச்சு" என்றார். வண்டிச் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த உஸ் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். பாதிக் குச்சிக்கு நனைந்திருந்தது. "லெசான்ஸ் இருக்குது. ஆனா வரல." பெட்ரோலை நாங்கள் லெசான்ஸ் என்போம். மூடியைப் பழையபடி இறுக்கி மூடிவிட்டு முன்பக்கம் போனார். கண்ணாடிக் கிண்ணத்தை என்னைக் கழற்றச் சொன்னார். அவரால் குனிய முடியவில்லை. கிண்ணத்தின் அடியில் காவி நிறத்தில் கொஞ்சம் தூள்.

"பாத்தியா, துரு. தொட்டி உள்ள துருப்பிடிச்சிருக்குது. அதான் பைப்ப அடைக்குது. ஊது."

பைப்பை வாயில் வைத்து ஊதினேன். தொட்டிக்குள் பொளபொளவென்று கேட்டது. வாயெல்லாம் பெட்ரோல். துப்பிவிட்டுக் கிண்ணத்தைப் புடவையில் துடைத்து மாட்டினேன். பம்பில் ஒரு சின்னக் கம்பி உண்டு, அதை மேலும் கீழும் தட்டச் சொன்னார். தட்டத் தட்டக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது.

அப்போது மாயெபூர் போகிற பஸ் வந்தது.

"பஸ்ஸுல போயிடலாங்க. கைய காட்டட்டா?"

"லாரிய இங்க விட்டுட்டா? இதோ, லெசான்ஸ் வந்துடுச்சு பாரு. பஸ்ஸு ஊரு ஊரா நின்னு போவும். நாம முந்திடுவோம்."

நான் கையைக் காட்டவில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் கைப்பிடியைச் சுற்றினார். நான் சுற்றுகிறேன் என்றேன். "திருப்பி அடிக்கும், கை உடையும்" என்று விடவில்லை. முதல் சுற்றிலேயே பிடித்தது. அவர் முகம் முழுக்க வேர்வை. ஆனாலும் "துருதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

வெயில் ஏறியது. மறுபடி நின்றது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். மறுபடி மூடி, உஸ், குச்சி, பாதிக் குச்சி ஈரம். மறுபடி இறுக்கமாக மூடினார். கிண்ணம் இந்தத் தடவை சுத்தமாக இருந்தது. ஆனால் காலி. அவர் பம்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"சூடு. இந்தச் சூட்டுல லெசான்ஸ் ஆவியாப் போவுது. ஈரத்துணி சுத்தணும்."

வாய்க்காலுக்கு ஓடினேன். முந்தானையைக் கிழித்து நனைத்துக்கொண்டு வந்து பம்பைச் சுற்றினேன். அது புஸ்ஸென்று ஆவி விட்டது. சைக்கிளில் மீன்கூடையோடு ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல் பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"லெசான்ஸ் ஃபினி?" என்று கேட்டார். பெட்ரோல் தீர்ந்ததா என்று.

"இருக்குது, வரமாட்டேங்குது" என்று ஊர்ப் பொதுப் பாஷையான கிரியோலில் சொன்னேன்.

அவர் லாரியைச் சுற்றிப் பார்த்தார். பொட்டையும் பார்த்தார். "நல்லாத்தான் அலங்காரம் பண்ணியிருக்கீங்க. சாமி ஊர்வலமா?" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நான் சுத்துறேன், விடு" என்று கைப்பிடிக்கு வந்தார். இவர் கொடுக்கவில்லை. தன் லாரியை இன்னொருவன் ஸ்டார்ட் பண்ணுவதா? இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். பிடிக்கவில்லை. இன்னொரு தடவை சுற்றினார். எஞ்சின் பிடித்தது. கூடவே அவர் ஒரு சத்தம் போட்டார். அந்த மாதிரிச் சத்தத்தை நான் மனுஷர்களிடம் கேட்டதில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நானும் பெரியவரும் தூக்கினோம். கொஞ்ச நேரத்தில் அவரே கண்ணைத் திறந்தார்.

"புள்ள, வலி போயிடுச்சு."

"என்னாது?"

"நெசமாத்தான். மூணு நாளா இருந்த வலி. சுத்தமா இல்ல."

நான் அம்மனைக் கும்பிட்டேன். நேற்று அழுத்தி வைத்த பொட்டுக்கு அம்மன் இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த ரோட்டோரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மருந்துச்சாலைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, காட்டிவிட்டே போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் சரியாகச் செய்தது.

மூன்றாவது தடவை நின்றபோது தூரத்தில் கடல் தெரிந்தது. ஊர் பக்கத்தில்தான். அவர் இறங்கவில்லை. முகம் வெளுத்துப்போய், வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது. உடம்பு கொதித்தது.

"பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் இறங்கினேன். எனக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் செய்ததை அதே வரிசையில் செய்தேன். மூடியின் ஓரத்தைப் பிடித்துத் திருகினேன். வரவில்லை. ஏதோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. புடவையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். உஸ் என்று நீளமாக ஒரு சத்தம். குச்சியை விட்டேன், ஈரம் இருந்தது.

"மூடிய இறுக்கு. நல்லா இறுக்கு. சிந்தும்" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

என் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினேன். கிண்ணத்தைக் கழற்றவில்லை. பைப்பை ஊதவில்லை. துணியை நனைக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது. அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே போய் பம்புக் கம்பியைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். திருப்பி அடித்தது. மணிக்கட்டு வீங்கியது. மறுபடி சுற்றினேன். எஞ்சின் பிடித்தது.

எப்படியோ அவரே ஓட்டிவந்து ஆஸ்பத்திரி வாசலில் லாரியை நிறுத்தியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காலையில் கிளம்பிய பயணம். அந்த பஸ் எப்போதோ போய்ச் சேர்ந்து, திரும்பியும் போயிருக்கும்.

வெட்டினார்கள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, உள்ளே உடைந்துவிட்டது, உடைகிற நேரத்தில் வலி சட்டென்று நின்றுபோகும் என்றார். "கொஞ்சம் முந்தி வந்திருக்கணும்." எவ்வளவு முந்தி என்று நான் கேட்டேன். காலையிலா, நேற்றா, புதன்கிழமையா? அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளிவாகப் பேசினார். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டார். என் மணிக்கட்டைப் பார்த்து, "சொன்னேன்ல, திருப்பி அடிக்கும்னு" என்றார். திங்கட்கிழமை காலையில் நினைவு வந்து வந்து போனது. லாரியை நிழலில் விட்டியா என்றார். ஆள் வைத்துத் தள்ளி விட்டேன் என்றேன். பிறகு ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"மூடிய நல்லா இறுக்கினியா?"

"இறுக்கிட்டேங்க."

தலையை ஆட்டினார். மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

கருமாதி முடிந்தது. வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். அதையெல்லாம் பற்றி நான் எழுதமாட்டேன். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். லாரி ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே கிடந்தது. அவருடைய தம்பி அதை ஓட்ட வருகிறேன் என்றார். ஆனால் முதலில் கோளாறைப் பார்க்கவேண்டும் என்று மாயெபூரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். வண்டி வழியில் எப்படி எப்படி நின்றது என்று சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பார்த்தது நான்தானே.

மெக்கானிக் வயசான ஆள், வாயில் அணைந்த பீடி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். ஊர் எல்லைக்கு அப்பால் அது இருமி நின்றது. அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. இறங்கி வந்து மூடியில் காதை வைத்துக்கொண்டு திருகினார். உஸ்.

"கேட்டியா?" என்றார் என் கொழுந்தனிடம். "தொட்டியில லெசான்ஸ் குறையக் குறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள போவணும். காத்து போவலன்னா பம்பு இழுத்து இழுத்துப் பாத்துட்டு விட்டுடும். பாட்டில வாயில வச்சு உறிஞ்சினா நாக்கு ஒட்டிக்குதில்ல, அதே மாதிரிதான். தொறந்தா காத்து போவும், ஓடும். மூடினா மறுபடி நிக்கும்."

"காத்து எப்பிடிப் போவும்? மூடி இருக்குதே."

"மூடியில ஓட்டை இருக்கும்ப்பா. ஊசி அளவு. நடுவுல."

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை தெரியவில்லை. மேலே இருந்தது நான் வைத்த பொட்டு. என்னைப் பார்த்து, ஊக்கு இருக்கிறதா என்று கேட்டார். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு இப்போது ரவிக்கையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பொட்டைச் சுரண்டினார். அது லேசில் வரவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக, பூச்சு பூச்சாக உதிர்ந்து ரோட்டில் விழுந்தது. கடைசியில் ஊக்கு உள்ளே இறங்கியது.

"எவன்யா இத அடைச்சது?" என்றார்.

கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பொட்டு யார் வேலை என்று அவருக்குத் தெரியும். வீட்டில் அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாமியார் இன்றைக்கும் ஓமத்தண்ணீர் கொடுத்ததுதான் தப்பாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அழும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும், முழுங்கிவிடுவேன். இந்தக் காகிதத்தை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டப்போகிறேன். அப்புறம் அவர் என்னை வீட்டை விட்டுப் போ என்றாலும் சரி.

மூன்றாவது தடவை நான் ஒன்றும் செய்யாமலே ஓடியதே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? மூடியைத் திறந்தபடியே விட்டிருந்தால் காலையிலேயே போய்ச் சேர்ந்திருப்போம். ஒரு சுற்று தளர்த்தி விட்டிருந்தாலே போதும். மெக்கானிக்கிடம் தனியாகக் கேட்டேன். ஆமாம் என்றார்.

லாரி இப்போது நன்றாக ஓடுகிறது. நிற்பதே இல்லை. கொழுந்தன் ஆயுத பூஜைக்குக்கூட மூடியில் ஒன்றும் வைப்பதில்லை. கரும்போடு அது வாசலைத் தாண்டிப் போகும்போது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இருமலே இல்லாமல் போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக வேண்டாம். நீங்கள் எந்தக் கோவிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும், மசூதிக்கோ மாதா கோவிலுக்கோ போகிறவர்களாக இருந்தாலும், ஒரு நிமிஷம் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வலி இல்லாத இடத்தில் அவர் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். பெயர் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். செமின் கிரனியே லாரிக்காரர், நெற்றியில் லாரியின் பொட்டை வைத்துக்கொள்கிறவர் என்று சொன்னால் போதும்.